ஊமைப் பெட்டியைப் பேசவைத்தல்: பழைய ஆர்கேட் எந்திரங்களின் ஒலிக்கோளாறுகள்



காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்குத் திரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதன் குரல். கூடத்தில் இருபது பெட்டிகள் வரிசையாக நின்ற காலத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு போனவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஓசைதான். 1972-ல் அட்டாரியின் பாங் ஆட்டத்தை வடிவமைத்த அல் அல்கார்ன், ஒலிக்கென்று பெரிய சுற்று எதையும் கட்டவில்லை. படத்தை ஒத்திசைக்கும் சுற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளையே தட்டியெடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பினார். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான்கே கனத்த சுரங்கள். வேற்றுக்கிரகப் படை குறையக் குறைய அந்த நான்கு சுரங்களும் வேகம் பிடிக்கும். ஆடுபவரின் நெஞ்சும் கூடவே வேகம் பிடிக்கும். அந்த ஓசையை அடைத்துவிட்டு ஆடினால் ஆட்டத்தில் பாதிகூட மிஞ்சாது.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று நாற்பது ஆண்டுகள் கழித்துச் சீரமைப்புக்கு வருகிறது. படம் வருகிறது, ஓசை இல்லை. அல்லது ஓசை வருகிறது, கூடவே இரைச்சலும் வருகிறது. அல்லது எல்லா ஓசையும் வருகிறது, ஏதோ ஒன்றைத் தவிர. பார்வைக்கு இவை மூன்றும் 'சவுண்டு கோளாறு'தான். உள்ளே இவை மூன்றும் வேறு வேறு நோய்கள். எதை எந்த வரிசையில் தேடுவது, எதில் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது? இதுவே இன்றைய பொருள்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி நேராக அணைக்கு ஓடுவதில்லை. வயலில் தொடங்கி வாய்க்காலோடு மேலே நடந்து போய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். ஒலிக்கும் அதே முறைதான். ஆட்டத்தை நடத்தும் செயலி ஆணையிடுகிறது. ஒலிப் பகுதி அந்த ஆணையை அலையாக மாற்றுகிறது. அலை வால்யூம் திருகியைக் கடந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அங்கே வலுப்பெற்று ஸ்பீக்கருக்கு வருகிறது. தேடல் இதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும்: ஸ்பீக்கரில் தொடங்கிச் செயலியை நோக்கி.

நடைமுறையில் பலர் செய்வது என்ன? ஓசை வரவில்லை என்றதும் ஒலிச் சிப்பைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுவார்கள். அது சரிவராவிட்டால் போர்டில் உள்ள கெப்பாசிட்டர் அத்தனையையும் மாற்றுவார்கள். இரண்டுமே வேண்டாத வேலை. பழைய சிப்புகள் கிடைப்பது அரிது. நன்றாக இருக்கும் சிப்பைப் பிடுங்கிச் செருகுவதிலேயே கால் ஒடிந்துபோகும். நாற்பது கெப்பாசிட்டர்களை ஒரே மூச்சில் மாற்றினால் அதில் ஒன்றைத் தலைகீழாகப் பொருத்திவிடும் வாய்ப்பும் உண்டு. அப்போது பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். எது எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கெப்பாசிட்டரை மாற்றவே கூடாது என்பதில்லை. மின்வழங்கியில் உள்ள பெரிய வடிகட்டிகளை வயது கருதி மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஒலிப் போர்டில் மட்டும், குற்றவாளி என்று தெரிந்த பிறகே மாற்ற வேண்டும்.

தேடலுக்கு முன் உயிர்ப் பாதுகாப்பு. படக்குழாய் உள்ள மானிட்டரின் நேர்மின்முனையில் பல்லாயிரம் வோல்ட் நிற்கும். மின்சாரத்தை அணைத்த பிறகும் சிறிது காலம் நிற்கும். ஸ்பீக்கர் வயரைத் தேடிக் கையை விடுகிறவர் அந்தக் குழாயின் கழுத்தையும் உறிஞ்சிக் கிண்ணம் போன்ற மூடியையும் தீண்டாமல் வேலை செய்ய வேண்டும். அமெரிக்கப் பெட்டிகள் 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கும் கட்டப்பட்டவை. 230 வோல்ட் ஊர்களில் அவற்றை மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால், ஒலிக்கோளாறு பற்றிய பேச்சே அதோடு முடிந்துவிடும்.

சரி, பெட்டி ஓடுகிறது, ஓசை இல்லை. முதல் கேள்வி: இந்த நேரத்தில் ஓசை வரவே வேண்டுமா? சிரிப்பூட்டும் கேள்விதான். ஆனால் பலருடைய மாலைப்பொழுதைத் தின்றது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான். காசு விழும்வரை பல எந்திரங்கள் தாமாகவே ஆடிக்காட்டும். அப்போது ஓசை எழுப்பலாமா, கூடாதா என்பதைப் பெட்டியின் உரிமையாளர் போர்டில் உள்ள சிறு சுவிட்சுகளால் முடிவு செய்து வைத்திருப்பார். அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் தயாரித்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் செயலி மூன்றாம் எண் வெளியீட்டு வாயிலில் ஒரு தனி பிட்டை உயர்த்தினால்தான் ஆம்ப்ளிஃபயரே திறக்கும். காசு போடாமல் அந்தப் பெட்டியின் முன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. ஆகவே காசு போடுங்கள், அல்லது காசுக் கம்பியைத் தட்டுங்கள், ஆட்டத்தைத் தொடங்குங்கள். அப்போதும் ஓசை இல்லையா? பிறகு தேடலாம்.

இரண்டாவது, வால்யூம் திருகி. வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிஃபெண்டர் போன்ற பெட்டிகளில் அது காசுக் கதவுக்குள் இருக்கும். வேறு சிலவற்றில் போர்டிலேயே சிறு திருகியாக இருக்கும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற திருகியின் உள்ளே உள்ள கரித்தடம் அழுக்கேறி, தொடுமுனை அந்தரத்தில் நிற்கும். திருகும்போது 'கரகர' என்று இரைவதும், ஒரு புள்ளியில் மட்டும் ஓசை வந்து மறைவதும் இதன் அடையாளம். தொடுமுனைத் துப்புரவுத் திரவத்தைத் துளி விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருகினால் பெரும்பாலும் தேறிவிடும்.

மூன்றாவது, ஸ்பீக்கர். வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்தால், 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும். எண்ணே வரவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டு எடுத்தால் 'டக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலித்து, கூடவே காகிதக் கூம்பு கிழிந்தாற்போல் உறுமினால் கூம்பையோ ஸ்பீக்கரையோ மாற்ற வேண்டியதுதான். இதில் தயங்க ஒன்றுமில்லை. ஈரப்பதமான கிடங்கில் கிடந்த பெட்டிகளில் ஸ்பீக்கர்தான் முதலில் போகும். எளிதில் கிடைக்கும் பொருளும் அதுதான்.

1985-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ஜாமா இணைப்பு முறை வந்த பிறகு, அம்முறையில் அமைந்த எந்த ஆட்டத்தின் போர்டையும் அம்முறையில் அமைந்த எந்தப் பெட்டியிலும் செருகலாம் என்றாயிற்று. அதில் 10-ஆம் முனை ஸ்பீக்கரின் நேர்முனை, மறுபக்கத்து 'எல்' முனை எதிர்முனை. இந்த எதிர்முனையைத் தரைக்கம்பி என்று எண்ணி மற்றத் தரைகளோடு இணைத்துவிடுவது தொடர்ந்து நடக்கும் விபத்து. சில போர்டுகளில் இரண்டு முனையையும் ஆம்ப்ளிஃபயரே ஓட்டுகிறது. அங்கே ஒன்றைத் தரையில் இணைத்தால், இதுவரை நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபயரும் எரிந்துபோகும்.

இப்போது ஸ்பீக்கரும் நன்று, வயரும் நன்று. அடுத்தது ஆம்ப்ளிஃபயரா? அதற்கு முன் மின்சாரம். ஒலிக்கோளாறு என்று வருவதில் கணிசமானவை உண்மையில் மின்வழங்கிக் கோளாறுகள். லாஜிக் சிப்புகளுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75-க்குக் கீழே போனால் அவை குழம்பும். ஆம்ப்ளிஃபயருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அளவில் வேண்டும். இவ்விரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். எதிர்மின்னழுத்தத்தைத்தான் மறந்துவிடுவார்கள். வில்லியம்ஸ் ஒலிப் போர்டில் எண்ணை அலையாக மாற்றும் எம்.சி. 1408 சிப்புக்கு எதிர்மின்னழுத்தம் கட்டாயம் தேவை. அந்த ஒரு கம்பியில் மின்சாரம் இல்லை என்றால் செயலி ஓடும், நினைவகம் சரியாக இருக்கும், ஆம்ப்ளிஃபயர் காத்திருக்கும். ஓசை மட்டும் வராது. ஒரு ஃபியூஸ் போனதற்காக ஒரு போர்டையே பழித்த கதைகள் ஏராளம்.

அளவை எங்கே எடுப்பது? மின்வழங்கியின் முனையில் அல்ல, ஆட்டப் போர்டின் மேல், சிப்பின் காலிலேயே எடுக்க வேண்டும். இடையில் உள்ள இணைப்பான்கள் கறுத்துப்போயிருந்தால் வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். அட்டாரி பெட்டிகளில் இதற்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. ஆஸ்டிராய்ட்ஸ் ஆட்டத்தின் காலத்திலிருந்து அட்டாரி, மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டரையும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டில் வைத்தது. இந்தப் போர்டு ஆட்டப் போர்டில் எவ்வளவு வோல்ட் வந்து சேர்கிறது என்பதைத் தனிக்கம்பி வழியே உணர்ந்து தன் அளவை உயர்த்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளிம்பு இணைப்பான் கறுத்தால் என்ன ஆகும்? ஆட்டப் போர்டில் குறைகிறதே என்று ரெகுலேட்டர் மேலும் மேலும் தள்ளும், இணைப்பான் சூடாகும், சூட்டில் இன்னும் கறுக்கும். கடைசியில் ரெகுலேட்டரே கருகும். அதே போர்டில்தான் ஒலியும் இருக்கிறது என்பதால் உரிமையாளர் 'சவுண்டு போய்விட்டது' என்று சொல்லிக்கொண்டு வருவார். மருந்து வேண்டியது இணைப்பானுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தளர்ந்த தொடுமுனைகளை மாற்ற வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பது கூடாது. மேலே உள்ள மெல்லிய பூச்சு அதோடு போய்விடும்.

இரைச்சலுக்கு வருவோம். 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த முனகல் எங்கிருந்து வருகிறது? மாறுமின்சாரத்தை நேராக்கிய பிறகு மீந்திருக்கும் அலைதான் அந்த முனகல். 60 ஹெர்ட்ஸ் ஊரில் அது 120 ஆகவும், 50 ஹெர்ட்ஸ் ஊரில் 100 ஆகவும் கேட்கும். அதை விழுங்க வேண்டியது பெரிய வடிகட்டிக் கெப்பாசிட்டர். அட்டாரி மின்வழங்கியில் நீல உறை போர்த்திய ஒரு பெரிய உருளை உண்டு. 20 ஆயிரம் மைக்ரோஃபாரட்டுக்கும் மேற்பட்ட அளவு கொண்ட அதைச் சீரமைப்பாளர்கள் செல்லமாக 'பிக் ப்ளூ' என்பார்கள். உள்ளே உள்ள திரவம் வற்றினால் அது பெயரளவுக்கே கெப்பாசிட்டர்.

இங்கே செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கருவி எதுவும் வேண்டாம். இரைச்சல் இருக்கும்போது வால்யூமைக் குறையுங்கள். இரைச்சலும் சேர்ந்து குறைகிறதா? அப்படியானால் அது திருகிக்கு முன்னால், ஒலிப் பகுதியில் பிறக்கிறது. வால்யூமை அடியோடு இறக்கியும் இரைச்சல் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அது திருகிக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. ஒரே திருகலில் தேடவேண்டிய பரப்பு பாதியாகிவிட்டது. இரைச்சல் திரையில் வரும் படத்தோடு சேர்ந்து மாறினால், மானிட்டரும் ஒலிப் பகுதியும் ஒரே தரைக்கம்பியைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று கசிகின்றன என்று பொருள். தரைக்கம்பிகளைப் பிரித்து, ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்ட வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர். அட்டாரியும் வில்லியம்ஸும் நம்பியிருந்தது டி.டி.ஏ. 2002 என்ற ஐந்து கால் சிப்பை. காரில் ரேடியோ பாட உருவான சிப் அது; விலை மலிவு, எளிதில் சாகாது. ஆனாலும் சாகும். உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஐந்தாம் காலில் மின்சாரம் வர வேண்டும். நான்காம் காலில், அதாவது வெளியீட்டில், வரும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி அளவு நிற்க வேண்டும். 12 வோல்ட் வந்தால் அங்கே 6 அளவில். சுழியம் என்றாலும் முழு 12 என்றாலும் பெரும்பாலும் சிப் போய்விட்டது. அட்டாரி போர்டில் இரண்டு சேனல் இருப்பது இங்கே கைகொடுக்கும். நல்ல சேனலின் ஒவ்வொரு காலையும் கெட்ட சேனலின் காலோடு ஒப்பிட்டால் எங்கே வேறுபாடு என்பது தானாகத் தெரியும். புதுச் சிப் போடும்போது உலோகத் தகட்டோடு சேரும் இடத்தில் வெப்பப் பசை தடவ மறக்கக் கூடாது.

சிப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆயிரம் மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். அது வற்றினால் கனத்த ஓசையெல்லாம் போய்த் தகரக் குரல் மட்டும் மிஞ்சும். அது குறுக்குச்சுற்றாகிவிட்டால் நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து கூம்பை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைப் போட்டவுடன் கூம்பு முன்னால் துருத்திக்கொண்டு நின்றால் உடனே அணையுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் எங்கே இருக்கிறது என்பதைக்கூடத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். நின்டெண்டோவின் டாங்கி காங் பெட்டியில் அது ஆட்டப் போர்டில் இல்லை. சான்யோ மானிட்டருக்குள் இருக்கிறது. வேறு மானிட்டரை மாட்டியவர்கள் படத்தைப் பெற்றார்கள், ஓசையை இழந்தார்கள். இந்தச் செய்தி தெரியாமல் டாங்கி காங் போர்டைப் பிரித்து மேய்ந்தவர்கள் பலர்.

இதுவரை வந்தது எல்லாப் பெட்டிக்கும் பொது. இனிமேல்தான் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு. ஒலி பிறக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு சிறு கருவி உதவும்: பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்றின் உள்ளீட்டுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்து, அதன் நுனியை ஊசியாக்கிக்கொள்வது. தரைக்கம்பியைப் போர்டின் தரையில் கவ்வவிட்டு, ஊசியால் சிப்பின் வெளியீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயர்வரை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தால் ஓசை எங்கே வந்து நிற்கிறது என்பது காதிலேயே கேட்கும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. மானிட்டர் சட்டத்தில் மட்டும் இந்த ஊசியை வைக்கவே கூடாது.

ஊசியைவிடக் கூர்மையான தடயம் ஒன்று உண்டு. எல்லா ஓசையும் போய்விட்டதா, ஓர் ஓசை மட்டும் போயிற்றா? எல்லாமே போனால் பொதுப்பாதையில் குறை: மின்சாரம், ஒலிச் செயலி, ஆம்ப்ளிஃபயர். ஒன்று மட்டும் போனால் அந்த ஒன்றின் தனிப்பாதையில் குறை. எந்த ஓசைக்கு எந்தப் பாதை என்று தெரிந்திருந்தால் ஆட்டத்தை ஆடிப்பார்த்தே கோளாறைச் சொல்லிவிடலாம்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலிச் செயலி என்று ஒன்று கிடையாது. சுடும் ஓசைக்கு ஒரு சுற்று, வெடிப்புக்கு ஒரு சுற்று, பறக்கும் தட்டுக்கு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் எஸ்.என். 76477 சிப். செயலி ஒரு பிட்டை உயர்த்தும். அதற்குரிய சுற்று ஒலிக்கும். அணிவகுப்பின் நான்கு சுரங்களும் ஐந்தாம் எண் வாயிலின் நான்கு பிட்டுகளில் வருகின்றன. ஒரே ஆசிலேட்டர் நான்கு ரெசிஸ்டர்களுக்கு ஏற்ப நான்கு சுரம் பாடுகிறது. ஒரு சுரம் மட்டும் இல்லை என்றால் அந்தப் பிட்டின் பாதையைப் பாருங்கள். நான்குமே இல்லை, ஆனால் துப்பாக்கி ஒலிக்கிறது என்றால் ஆசிலேட்டரைப் பாருங்கள். இத்தகைய சுற்றுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓசையின் உயரமும் நீளமும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் அளவுகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அளவு நழுவினால் ஓசை நின்றுவிடாது, மாறிவிடும். மூல ஓசையைக் கேட்டே இராத சீரமைப்பாளர் அந்த மாறிய குரலையே சரியென்று விட்டுவிடுவார். அதனால்தான் சுற்றுப்படத்தில் உள்ள அளவையே போட வேண்டும். கையில் கிடைத்த கிட்டத்தட்ட அளவு உதவாது.

டாங்கி காங் கலப்பினம். பாட்டு 8035 என்ற தனிச் செயலியிலிருந்து வருகிறது. நடப்பது, குதிப்பது, குரங்கு காலால் மிதிப்பது ஆகிய ஓசைகள் தனித்தனிச் சுற்றுகளிலிருந்து வருகின்றன. பாட்டு உண்டு, குதிக்கும் ஓசை இல்லை என்றால் செயலியைக் குறை சொல்லக் காரணமே இல்லை. 1981-ல் நாம்கோ வெளியிட்ட கேலகாவில் இசையும் சுடும் ஓசையும் நாம்கோவின் அலைவடிவச் சுற்றில் பிறக்கின்றன. வீரரின் கப்பல் வெடிக்கும் ஓசை 54 எக்ஸ்.எக்ஸ். என்ற தனிச் சிப்பிலிருந்து வருகிறது. ஆட்டம் முழுக்க இனிமையாகப் பாடிவிட்டுக் கப்பல் வெடிக்கும்போது மட்டும் ஊமையானால் சந்தேகம் அந்தச் சிப் மேல்தான். பேக்-மேனில் எட்டு அலைவடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பிட்டுகள். எல்லாமே ஒரு சிறு நினைவகச் சிப்பில் அடக்கம். அதன் நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்தால் மூன்று குரல்களும் ஒருசேரக் கரகரக்கும்.

1982-ல் காட்லீப் வெளியிட்ட க்யூபெர்ட்டில் வேடிக்கை இன்னும் அதிகம். நாயகன் பிரமிடிலிருந்து கீழே விழும்போது கேட்கும் 'தொப்' என்ற ஓசை ஸ்பீக்கரிலிருந்தே வருவதில்லை. பின்பால் எந்திரத்தின் தட்டுச் சுருள் ஒன்று பெட்டிக்குள் இருந்து மரத்தை நிஜமாகவே தட்டுகிறது. அது போனால் ஆம்ப்ளிஃபயரை எத்தனை முறை சோதித்தாலும் பயனில்லை. சுருளையும் அதன் ஃபியூஸையும் டிரான்சிஸ்டரையும் பார்க்க வேண்டும். அதே ஆட்டத்தில் நாயகன் உளறும் புரியாத மொழி வோட்ராக்ஸ் எஸ்.சி.-01 என்ற பேச்சுச் சிப்பின் வேலை. அங்கே உளறல் நின்றால்தான் கோளாறு.

வில்லியம்ஸின் டிஃபெண்டர் வேறொரு வழி. சாம் டிக்கரும் யூஜின் ஜார்விஸும் சேர்ந்து பணியாற்றிய அந்த ஆட்டத்தில் ஒலிக்கென்றே ஒரு செயலி, அதற்கு 2 கிலோபைட் நினைவகம், எண்ணை அலையாக்கும் ஒரு சிப். அந்த மிரட்டும் ஓசைகள் அத்தனையும் 2,048 பைட்டுக்குள் அடங்கியவை. ஆட்டப் போர்டு ஆறு கம்பிகளில் ஓர் எண்ணை அனுப்புகிறது; ஒலிப் போர்டு அந்த எண்ணுக்கு உரிய ஓசையை எழுப்புகிறது. ஆறில் ஒரு கம்பி அறுந்தால் என்ன ஆகும்? ஓசை நிற்காது, எண் மாறிவிடும். சுட்டால் வெடிப்பு கேட்கும், வெடித்தால் வேறேதோ கேட்கும். தவறான இடத்தில் தவறான ஓசை வந்தால் முதலில் கம்பியையும், இணைப்பான் ஊசிகளின் அடியில் விரிசல்விட்ட சால்டரையும் பாருங்கள். இந்தப் போர்டை வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்: அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தினால் ஆட்டப் போர்டின் ஆணையை எதிர்பாராமல் ஒலிப் போர்டு தானே ஒலித்துக்காட்டும். ஒலித்தால் ஒலிப் போர்டு நலம். குறை அதற்கு முந்திய இடத்தில்.

அட்டாரியின் போக்கி சிப் பற்றித் தனியே சொல்லவேண்டும். டக் நியூபாவர் வடிவமைத்த அந்த 40 கால் சிப் நான்கு குரலில் பாடும். மிஸைல் கமாண்டில் ஒன்று, சென்டிபீடில் ஒன்று, டெம்பஸ்ட்டில் இரண்டு, 1983-ன் ஸ்டார் வார்ஸில் நான்கு. பாடுவது அதன் வேலைகளில் ஒன்றே. சமவாய்ப்பு எண்களை உண்டாக்குவதும், டெம்பஸ்ட் போன்றவற்றில் அமைப்புச் சுவிட்சுகளைப் படித்துச் சொல்வதும் அதுதான். ஆகவே போக்கி கெட்டால் ஓசை மட்டும் போகாது. ஆட்டமே விசித்திரமாக நடக்கும். ஓசையும் இல்லை, சுவிட்சைப் போட்டாலும் அமைப்பு மாறவில்லை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அப்போது போக்கியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் உடனே பிடுங்க வேண்டாம். அந்தக் காலத்துச் சாக்கெட்டுகள் நாளடைவில் பிடி தளர்பவை. சிப்பை மெல்ல அழுத்திப் பார்த்து ஓசை மாறினால் மாற்ற வேண்டியது சாக்கெட்டைத்தான்.

பிற்காலத்து ஜாமா போர்டுகளிலும் இதே தடயம் வழிகாட்டும். 1991-ல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் இசை யமஹாவின் ஒய்.எம். 2151 சிப்பிலிருந்து வருகிறது. அடியும் அலறலும் ஓகி 6295 சிப் தனி நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிப்பவை. இசை உண்டு, அடி விழும் ஓசை இல்லை என்றால் ஓகி பக்கம் போங்கள். அடி கேட்கிறது, இசை இல்லை என்றால் 2151-ஐக் குற்றம்சாட்டும் முன் அதன் துணைவனான ஒய்.எம். 3012-ஐப் பாருங்கள். 2151 தருவது எண்களை மட்டுமே. அதை அலையாக்குவது 3012. அது படுத்துவிட்டால் நல்ல சிப் ஊமையாகவே தெரியும்.

வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? ஓசை வந்தவுடன் அல்ல. விரிசல்விட்ட சால்டரும் சாகப்போகும் சிப்பும் குளிர்ந்த நிலையில் நன்றாகவே வேலை செய்யும், சூடேறியபின் விட்டுவிடும். பின்கதவை மூடி, உள்ளே வெப்பம் கூடவிட்டுச் சில மணி நேரம் ஓட விட வேண்டும். மறைந்து மறைந்து வரும் ஓசையானால் சந்தேகப்படும் இடத்தில் குளிர்த்தூவியை அடித்துப் பார்க்கலாம். ஓசை திரும்பினால் குற்றவாளி அங்கேயே இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் அளவையும் இடத்தையும் எழுதிவைத்து, அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பது அடுத்து வருபவருக்குச் செய்யும் பெரிய உதவி.

நிறைவாக அவையோருக்கு ஒரு வேண்டுகோள். போக்கியோ 54 எக்ஸ்.எக்ஸ். சிப்போ எஸ்.என். 76477-ஓ இன்று எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை. கையில் கெட்டுப்போன ஆர்கேட் போர்டு எது கிடைத்தாலும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமே வராத போர்டிலும் ஒலிச் சிப் உயிரோடு இருக்கலாம். சீரமைப்பவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.